சுற்றுகிற ஃபேனை 'சுற்றவில்லை' என்கிறதா உங்கள் கம்ப்யூட்டர்?

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். விண்டோஸ் வருவதற்குப் பதிலாகக் கறுப்புத் திரையில் 'சிபியு ஃபேன் எர்ரர்' என்று ஒரு வரி வந்து நிற்கிறது. அதன் கீழே, செட்டப்புக்குள் செல்ல எஃப்1 கீயை அழுத்தச் சொல்லி இன்னொரு வரி. கேபினட்டின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் பிராசசர் மேல் உள்ள ஃபேன் சுற்றிக் கொண்டுதான் இருக்கிறது. பிறகு ஏன் இந்த எர்ரர்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்த இடத்தில் இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். தினமும் எஃப்1 கீயை அழுத்தி, செட்டப்பை விட்டு வெளியேறி, விண்டோஸுக்குப் போய்விடுவது ஒரு வழி. கடைக்காரரை அழைத்து 'இந்த மெசேஜ் வராமல் செய்யுங்கள்' என்று கேட்பது இன்னொரு வழி. முதலாவது தொல்லை. இரண்டாவது, செய்யும் விதத்தைப் பொறுத்து, ஆபத்தாகவும் முடியலாம். இந்த எர்ரர் ஏன் வருகிறது, எதைச் சரி செய்ய வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதை இங்கு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஃபேன் சுற்றுவது மதர்போர்டுக்கு எப்படித் தெரியும்?

ஃபேனிலிருந்து வரும் ஒயர்களை எண்ணிப் பாருங்கள். மூன்று இருக்கும், அல்லது நான்கு இருக்கும். மூன்று என்றால் ஒன்று எர்த் போன்ற தரை இணைப்பு, ஒன்று 12 வோல்ட் மின்சாரம், மூன்றாவது தகவல் சொல்லும் ஒயர். நான்கு என்றால் கூடுதலாக உள்ள ஒயர் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. 2004ம் ஆண்டு இன்டெல்லின் 775 பின் சாக்கெட் வந்ததையொட்டி இந்த நான்கு ஒயர் முறை வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பரவத் தொடங்கியது.

நமக்கு இங்கே முக்கியம் அந்தத் தகவல் ஒயர்தான். ஃபேன் மோட்டாருக்குள் காந்தத்தை உணரும் ஹால் சென்சார் ஒன்று இருக்கிறது. ஃபேன் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது இந்த ஒயர் வழியாக இரண்டு துடிப்புகள் மதர்போர்டுக்குப் போகும். மதர்போர்டில் உள்ள கண்காணிப்புச் சிப் இந்தத் துடிப்புகளைக் கவனித்து வேகத்தைக் கணக்கிடுகிறது. ஃபேன் இறக்கையைச் சிப் பார்ப்பதில்லை. காற்று வருகிறதா என்றும் அதற்குத் தெரியாது. துடிப்பு வந்தால் சுற்றுகிறது, வராவிட்டால் சுற்றவில்லை. அவ்வளவுதான் அதன் உலகம்.

வேகத்தை ஆர்.பி.எம். என்று குறிப்பிடுவார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று பொருள். 600 ஆர்.பி.எம். வேகத்தில் சுற்றும் ஃபேன் ஒரு நிமிடத்தில் 1,200 துடிப்புகள், அதாவது விநாடிக்கு 20 துடிப்புகள் தரும். 300 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்கு 10 தான்.

மெதுவாகச் சுற்றினால் என்ன சிக்கல்?

சிப் துடிப்புகளை எண்ணுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பல சிப்கள் 'ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்பு' என்று எண்ணிக் கொண்டு காத்திருப்பதில்லை. 'ஒரு சுற்று முடிய எவ்வளவு நேரம் ஆயிற்று' என்று அளக்கின்றன. 1990களின் பிற்பகுதியில் மதர்போர்டுகளில் இருந்த எல்எம்78 என்ற சிப்பை எடுத்துக்கொள்வோம். அதனுள் விநாடிக்கு 22,500 முறை 'டிக்' அடிக்கும் கடிகாரம் உண்டு. ஃபேன் ஒரு சுற்று முடிப்பதற்குள் எத்தனை டிக் என்று எண்ணி, அதிலிருந்து வேகத்தைக் கண்டுபிடிக்கும். ஆனால் அந்தக் கவுன்ட்டருக்கு 255 வரைதான் எண்ணத் தெரியும்.

ஃபேன் வேகமாகச் சுற்றினால் 255 ஆவதற்குள் சுற்று முடிந்துவிடும். மெதுவாகச் சுற்றினால்? 255 தாண்டிவிடும்; கவுன்ட்டர் நிரம்பிவிடும். நிரம்பிவிட்டால் 'ஃபேன் சுற்றவில்லை' என்று முடிவு. கணக்குப் போட்டுப் பார்த்தால், கடிகாரம் முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 5,300 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இந்தச் சிப்பால் அளக்கவே முடியாது. கடிகாரத்தை எட்டில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்தாலும் சுமார் 660 ஆர்.பி.எம். வரைதான் எட்டும். அதற்குக் கீழே ஃபேன் சுற்றினாலும் அதற்குச் சைபர்தான்.

இன்றைய சிப்களில் கவுன்ட்டர் பெரியது. மிக மெதுவான வேகத்தையும் அளந்துவிடும். ஆனாலும் எர்ரர் வருகிறது. காரணம், அளந்த பிறகு பயாஸ் செய்யும் ஒப்பீடு. 'இந்த வேகத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை கொடு' என்று ஓர் எல்லை பயாஸில் இருக்கும். ஏசுஸ் நிறுவனத்தின் பல மதர்போர்டுகளில் இது 600 ஆர்.பி.எம். என்று தொடக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கும். சிறிய ஃபேன் வேகமாகச் சுற்றிய நாட்களுக்கு அந்த எல்லை பொருத்தம். இப்போது கடைகளில் கிடைக்கும் கூலர்களில் 120 மில்லிமீட்டர், 140 மில்லிமீட்டர் அகலத்துப் பெரிய ஃபேன்கள் வருகின்றன. சத்தம் வரக்கூடாது என்பதற்காக, வேலை இல்லாத நேரத்தில் 400, 500 ஆர்.பி.எம். வேகத்தில் சோம்பலாகச் சுற்றும். ஃபேன் நன்றாக இருக்கிறது. போர்டும் நன்றாக இருக்கிறது. இடையில் உள்ள எல்லைக்கோடுதான் பொருந்தவில்லை.

நீச்சல் குளத்திலும் இதே கதை

இந்தச் சிக்கல் கம்ப்யூட்டருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் வீட்டோடு நீச்சல் குளம் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். குளத்துத் தண்ணீரை வடிகட்டிச் சுத்தம் செய்ய அங்கு ஒரு பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரே வேகப் பம்ப், 3,450 ஆர்.பி.எம். வேகத்தில் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு ஓடும். பிறகு வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பம்ப்கள் வந்தன. 2021ம் ஆண்டு ஜூலை 19 முதல் அந்நாட்டு எரிசக்தித் துறையின் சிக்கன விதி அமலுக்கு வந்த பிறகு, புதிதாக விற்கும் பம்ப்களில் பெரும்பாலானவை இந்த வகைக்கு மாறிவிட்டன.

இதன் லாபம் ஓர் எளிய கணக்கு. வேகத்தைப் பாதியாக்கினால் வெளிவரும் தண்ணீரும் பாதியாகும். ஆனால் தேவைப்படும் மின்சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டி அதே அளவு தண்ணீரைச் சுத்தம் செய்தாலும் கரண்ட் செலவு கால் பங்குதான்.

ஆனால் குழாயில் ஒரு காவலாளி இருக்கிறார். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ சுவிட்ச். பல சுவிட்சுகளில் குழாய்க்குள் ஒரு சிறிய துடுப்பு தொங்கிக் கொண்டிருக்கும். ஓடும் தண்ணீர் அதைத் தள்ளினால் சுவிட்ச் மூடிக்கொண்டு 'தண்ணீர் ஓடுகிறது' என்று தகவல் தரும். பம்ப் வேகத்தைப் பாதியாக்கினால் துடுப்பைத் தள்ளும் விசை பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். எனவே தண்ணீர் ஓடிக் கொண்டிருந்தாலும் துடுப்பு அசையாது. உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவியும் ஹீட்டரும் 'தண்ணீர் வரவில்லை' என்று நின்றுவிடும். நம் மதர்போர்டு சொல்வதும் இதே புகார்தான்.

அங்கு அனுபவமுள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் ஃபில்டரும் குப்பைக் கூடையும் அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சுவிட்சில் போட்டிருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு பம்ப் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, சுவிட்ச் எந்த வேகத்தில் உணர்கிறது என்று குறித்துக்கொண்டு, அதற்குச் சற்று மேலே வேகத்தை நிறுத்துகிறார்கள்.

செய்யக்கூடாத ஒன்றும் இருக்கிறது. சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் முறுக்கி இணைத்துவிட்டால் எர்ரர் போய்விடும். ஆனால் உண்மையிலேயே தண்ணீர் நிற்கும் நாளில் ஹீட்டர் காய்ந்துபோகும். குளோரின் கருவிக்குள் ஹைட்ரஜன் வாயு சேர்ந்து வெடிக்கும் அபாயமும் உண்டு. அடைப்பைப் பார், இணைப்பைப் பார், எல்லையைப் பொருத்து, காவலாளியைக் கொல்லாதே. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு நம் கேபினட்டுக்குத் திரும்புவோம்.

படிப்படியாகச் சோதனை

முதலில் ஒரு முன்னெச்சரிக்கை. கேபினட்டைத் திறக்கும் முன் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். கேபினட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். கம்பெனி கம்ப்யூட்டராக இருந்து, வாரண்டி சீல் ஒட்டியிருந்தால் திறக்காமல் சர்வீஸ் சென்டரை அழையுங்கள். லேப்டாப்பில் ஃபேன் எர்ரர் வந்தால் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு திறக்க வேண்டாம். அது வேறு வேலை.

1. கண்ணால் பாருங்கள். கேபினட்டின் பக்கத்து மூடியைக் கழற்றி, பிளக்கை மாட்டி ஆன் செய்யுங்கள். கையை உள்ளே விடாமல், ஃபேன் உடனே சுற்றத் தொடங்குகிறதா, தயங்கித் தயங்கிச் சில விநாடி கழித்துத் தொடங்குகிறதா, கிறீச் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். சுற்றவே இல்லை என்றால் எர்ரர் சொல்வது உண்மை. உடனே ஆஃப் செய்துவிடுங்கள். காலையில் முதல் முறை ஆன் செய்யும்போது மட்டும் எர்ரர் வந்து, ரீஸ்டார்ட் செய்தால் வராமல் போகிறதா? ஃபேனின் பேரிங்கில் எண்ணெய்ப் பசை காய்ந்து வருகிறது என்று சந்தேகிக்கலாம். குளிர்ந்த நிலையில் கிளம்பத் தாமதமாகிறது. பயாஸ் அதற்குள் பார்த்துவிட்டு எர்ரர் கொடுத்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஃபேனை மாற்றுவதுதான் நல்லது.

2. பயாஸில் எண்களைப் பாருங்கள். ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தொடர்ந்து தட்டினால் பெரும்பாலான போர்டுகளில் செட்டப் திறக்கும். விண்டோஸ் 11ல் இருந்தும் போகலாம்: செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று சென்று அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டப் எதிரே உள்ள ரீஸ்டார்ட் நவ் பட்டனை அழுத்துங்கள். பின்னர் வரும் நீலத் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். செட்டப்பில் மானிட்டர் அல்லது ஹார்ட்வேர் மானிட்டர் என்ற பக்கத்தில் பிராசசரின் வெப்பமும் ஃபேன் வேகமும் இருக்கும். இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் அங்கேயே காத்திருந்து மறுபடி குறியுங்கள். வெப்பம் ஒரே அளவில் நின்றால் காற்றோட்டம் இருக்கிறது என்று பொருள். விடாமல் ஏறிக்கொண்டே போனால் பிரச்னை நிஜமானது.

3. சரியான இடத்தில் மாட்டியிருக்கிறதா? மதர்போர்டில் ஃபேன் மாட்டும் இடங்கள் பல இருக்கும். அவற்றில் ஒன்றின் அருகில் மட்டும்தான் சிபியு ஃபேன் என்று அச்சிட்டிருக்கும். பிராசசர் ஃபேனைத் தவறுதலாகக் கேபினட் ஃபேனுக்கான இடத்தில் மாட்டியிருந்தால், ஃபேன் சுற்றும். ஆனால் போர்டு தேடும் இடத்தில் துடிப்பு இருக்காது. ஆர்.பி.எம். சைபர் என்று காட்டி, ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிளக் முழுதாக உள்ளே இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபேனை நேராக எஸ்எம்பிஎஸ் ஒயரில் மாட்டியிருந்தாலும் தகவல் ஒயர் போர்டுக்கு வராது. ஒரு பிளக்கில் இரண்டு ஃபேன்களை இணைக்கும் ஸ்பிளிட்டர் ஒயரில் ஒரு ஃபேனின் தகவல் மட்டுமே போர்டுக்குப் போகும். நின்றுபோனது மற்றொன்றாக இருந்தால் போர்டுக்குத் தெரியவே தெரியாது.

4. தூசி. நம் ஊர் வீடுகளில் ஆறு மாதம் போதும், ஹீட் சிங்க் இடுக்குகளில் பஞ்சு மாதிரித் தூசி படிந்துவிடும். பிளக்கை எடுத்துவிட்டு, ஃபேன் இறக்கையை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, சிறிய பிரஷ்ஷாலோ புளோயராலோ சுத்தம் செய்யுங்கள். இறக்கையைப் பிடிக்காமல் காற்றடித்தால் ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெட்டுப்போகும். ஈரத் துணி வேண்டாம்.

5. மூன்றா, நான்கா? பயாஸில் ஃபேன் கண்ட்ரோல் பகுதியில் பிடபிள்யூஎம், டிசி, ஆட்டோ என்று தேர்வுகள் இருக்கும். டிசி முறையில் போர்டு 12 வோல்ட்டையே குறைத்து ஃபேனை மெதுவாக்கும். பிடபிள்யூஎம் முறையில் 12 வோல்ட் அப்படியே இருக்கும். நான்காவது ஒயரில் விநாடிக்கு ஏறத்தாழ 25,000 முறை ஆன் ஆஃப் சிக்னல் அனுப்பி வேகத்தைக் குறைக்கும். நான்கு ஒயர் ஃபேனை டிசி முறையில் ஓட்டி வோல்ட்டேஜை ரொம்பக் குறைத்தால், மோட்டாருக்குள் உள்ள சென்சாருக்கே மின்சாரம் போதாமல் துடிப்புகள் தாறுமாறாகும். வேகம் 450, 0, 2,100 என்று தாவித் தாவிக் காட்டுவது இதற்கான அறிகுறி. மூன்று ஒயர் ஃபேனுக்கு டிசி, நான்கு ஒயர் ஃபேனுக்குப் பிடபிள்யூஎம். இதை மாற்றியவுடனே பலருக்குப் பிரச்னை தீர்ந்துவிடும்.

6. எல்லையைப் பொருத்துங்கள். மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்து, ஃபேன் சீராக, ஆனால் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் இப்போது எண்ணைத் தொடலாம். இரண்டு வழி உண்டு. ஒன்று, ஃபேனின் குறைந்தபட்ச வேகத்தைக் கூட்டுவது. அது 20 சதவீதம் என்று இருந்தால் 30, 35 என்று கூட்டிப் பாருங்கள். 700 ஆர்.பி.எம். வேகத்தில் சுற்றும் பெரிய ஃபேனின் சத்தம் அறையில் உள்ள சீலிங் ஃபேன் சத்தத்தில் கேட்கவே கேட்காது. இன்னொன்று, எச்சரிக்கை எல்லையைக் குறைப்பது. சிபியு ஃபேன் ஸ்பீட் லோ லிமிட் என்ற இடத்தில் 600, 500, 400, 300, 200, இக்னோர் என்று தேர்வுகள் இருக்கும். நீங்கள் தாளில் குறித்த மிகக் குறைந்த வேகம் 520 என்றால் எல்லையை 300 அல்லது 400 என்று வையுங்கள். ஃபேன் சாதாரணமாக 520ல் சுற்றும்போது எர்ரர் வராது. நின்றுவிட்டால் வேகம் சைபர், அது 300க்குக் கீழே, எச்சரிக்கை வந்துவிடும். சாதாரண வேகத்துக்குக் கீழே, சைபருக்கு மேலே. எல்லை அங்கே இருக்க வேண்டும். மாற்றிய பிறகு எஃப்10 கீயை அழுத்திச் சேவ் செய்து வெளியே வாருங்கள்.

7. மாற்றிப் போட்டுப் பாருங்கள். இன்னும் தீரவில்லையா? கேபினட் ஃபேன் ஒன்றைக் கழற்றி, அதன் பிளக்கைச் சிபியு ஃபேன் இடத்தில் மாட்டுங்கள். செட்டப்புக்குள் சென்று ஒரு நிமிடம் மட்டும் வேகத்தைப் பாருங்கள். வேகம் சரியாகத் தெரிந்தால் கோளாறு பழைய ஃபேனில். இதுவும் சைபர் என்றால் கோளாறு போர்டில். புது ஃபேன் வாங்கும் முன் இந்த ஒரு நிமிடச் சோதனை பணத்தை மிச்சப்படுத்தும். சோதனை முடிந்ததும் ஆஃப் செய்து, பழையபடி மாட்டிவிடுங்கள்.

'இக்னோர்' போட்டால் என்ன ஆகும்?

அந்தப் பட்டியலில் கடைசியில் உள்ள இக்னோர் என்ற தேர்வுதான் பல கடைகளில் முதல் சிகிச்சை. ஒரு நிமிட வேலை. மெசேஜ் போய்விடும். வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி.

எங்கள் உறவினர் ஒருவர் வீட்டில் இப்படித்தான் நடந்தது. பழுது பார்க்க வந்தவர் இக்னோர் போட்டுவிட்டு, சர்வீஸ் சார்ஜ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சில மாதம் கழித்துக் கம்ப்யூட்டர் மந்தமானது. வைரஸ் என்று நினைத்து விண்டோஸை அழித்து மறுபடி போட்டார்கள். இரண்டு முறை. ஏப்ரல் மாதத்து மதியம் ஒன்றில், பெண்ணின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டிருக்கும்போது மெஷின் தானாக அணைந்தது. மீண்டும் ஆன் செய்தால் பத்து நிமிடத்தில் மறுபடி அணைந்தது. திறந்து பார்த்தபோது பிராசசர் ஃபேன் நின்று எத்தனை நாள் ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. சொல்ல வேண்டிய எச்சரிக்கையின் வாயைத்தான் முன்பே அடைத்தாகிவிட்டதே! சில நூறு ரூபாய் ஃபேன் மாற்றியதும் கம்ப்யூட்டர் பழைய வேகத்துக்கு வந்தது.

இன்றைய பிராசசர் உடனே எரிந்துவிடாது. அளவுக்கு மீறிச் சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடும். எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததில்லை. 2001ம் ஆண்டு டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களின் ஹீட் சிங்க்கைக் கழற்றி வீடியோ எடுத்தது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தது. அத்லான் சில விநாடிகளில் புகைந்து செத்தது. இன்று பாதுகாப்பு எல்லாவற்றிலும் இருக்கிறது என்பதால் சிப் தப்பிக்கும். ஆனால் திடீரென்று அணையும் கம்ப்யூட்டரில் சேவ் செய்யாத வேலை தப்பிக்காது.

இக்னோர் போடலாம் என்கிற இடமும் உண்டு. ஃபேனே இல்லாமல் பெரிய ஹீட் சிங்க் மட்டும் வைத்த சத்தமில்லாக் கம்ப்யூட்டர், ஃபேன் தகவலை வேறு இடத்துக்கு அனுப்பும் சில தண்ணீர்க் கூலர்கள் ஆகியவற்றுக்கு வேறு வழியில்லை. மற்றவர்களுக்கு வேண்டாம்.

தண்ணீர்க் கூலர் வைத்திருப்பவர்களுக்கு

விலை கூடிய கம்ப்யூட்டர்களில் ஏஐஓ என்ற தண்ணீர்க் கூலர் வருகிறது. பிராசசர் மேல் ஒரு சிறிய பம்ப். அங்கிருந்து இரண்டு குழாய். கேபினட் ஓரத்தில் ரேடியேட்டரும் ஃபேன்களும். பம்ப் தனக்கென்று ஒரு ஒயர் வைத்திருக்கும். போர்டில் ஏஐஓ பம்ப் அல்லது பம்ப் ஃபேன் என்று அச்சிட்ட இடம் இருந்தால் அதை அங்கே மாட்டி, ரேடியேட்டர் ஃபேனைச் சிபியு ஃபேன் இடத்தில் மாட்ட வேண்டும் என்பது பொதுவான முறை. கூலரோடு வந்த கையேடு வேறு மாதிரி சொன்னால் அதன்படி செய்யுங்கள். பம்ப்பின் வேகம் பல மாடல்களில் 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் இருக்கும். சத்தம் வருகிறது என்று அதன் வேகத்தை மிகவும் குறைக்காதீர்கள்.

இங்கே நீச்சல் குளத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு முக்கிய வேறுபாடு. குளத்தின் ஃப்ளோ சுவிட்ச் தண்ணீர் ஓடுவதையே உணர்கிறது. ஏஐஓ பம்ப்பின் தகவல் ஒயர் மோட்டார் சுற்றுவதை மட்டும் சொல்கிறது. குழாய்க்குள் அடைப்போ காற்றுக் குமிழியோ இருந்து தண்ணீர் நகராவிட்டாலும், மோட்டார் சுற்றினால் 'எல்லாம் நலம்' என்றுதான் பயாஸ் சொல்லும். ஆகவே தண்ணீர்க் கூலரில் ஆர்.பி.எம். எண்ணை மட்டும் நம்பக்கூடாது. வெப்பத்தைப் பாருங்கள். ஆன் செய்த ஓரிரு நிமிடத்தில் வெப்பம் 80, 90 என்று ஏறினால் தண்ணீர் ஓடவில்லை என்று சந்தேகியுங்கள். ஒரு குழாய் சூடாகவும் ரேடியேட்டர் குளிர்ந்தும் இருந்தாலும் அதே சந்தேகம்தான். களகளவென்று தொடர்ந்து சத்தம் கேட்டால் பம்ப்பில் காற்று இருக்கலாம். ரேடியேட்டரின் மேல் முனை பம்ப்பை விட உயரத்தில் இருக்கும்படி மாட்டினால் காற்று அங்கே போய்த் தங்கிவிடும்.

நின்றாலும் பயப்பட வேண்டாத ஃபேன்கள்

எல்லா ஃபேனும் எப்போதும் சுற்ற வேண்டும் என்பதில்லை. புதிய கிராபிக்ஸ் கார்டுகள் பலவற்றில், வெப்பம் சுமார் 50 முதல் 60 டிகிரி வரை ஏறும் வரை ஃபேன் சுற்றாது. கேம் ஆடத் தொடங்கினால் தானாகச் சுற்றும். சில எஸ்எம்பிஎஸ்களிலும் இந்த ஏற்பாடு உண்டு. மதர்போர்டில் ஃபேன் ஸ்டாப் போன்ற பெயரில் உள்ள வசதியை ஆன் செய்திருந்தால் கேபினட் ஃபேன்களும் குறைந்த வெப்பத்தில் நின்றுவிடும். பிராசசர் ஃபேனுக்கு மட்டும் இந்த வசதியை ஆஃப் செய்து வையுங்கள். எச்சரிக்கை எல்லையும் ஃபேன் ஸ்டாப்பும் ஒரே இடத்தில் ஒத்துப்போகாது.

விண்டோஸில் ஒரு கண்

ஒருமுறை சரி செய்த பிறகு மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். எச்டபிள்யூஇன்ஃபோ, எச்டபிள்யூமானிட்டர் ஆகிய இரண்டும் வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் நல்ல புரோகிராம்கள். அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். குறைந்தது, அதிகபட்சம், இப்போது என்று மூன்று எண்கள் காட்டும். ஒரு மணி நேரம் வழக்கமான வேலை செய்துவிட்டுப் பாருங்கள். ஃபேனின் குறைந்த வேகம் சைபரைத் தொடாமல் இருக்க வேண்டும். பிராசசர் வெப்பம், வேலை இல்லாதபோது அறையின் வெப்பத்தை விடப் பத்து இருபது டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. எனவே 38 டிகிரி அடிக்கும் கோடையில் 50ஐத் தாண்டினால் கலங்க வேண்டாம். பிராசசர்கள் பலவற்றில் 95 அல்லது 100 டிகிரி என்பது வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் எல்லை. சாதாரண டைப்பிங், பிரௌசிங் வேலையிலேயே அந்தப் பக்கம் போனால் ஃபேனையும் தெர்மல் பேஸ்ட்டையும் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கடைக்காரரை அழைக்க நேர்ந்தால், வேலை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'மெசேஜை நிறுத்தினீர்களா, காரணத்தைச் சரி செய்தீர்களா?' பிறகு பயாஸைத் திறந்து லோ லிமிட் எதில் நிற்கிறது என்று அவர் எதிரிலேயே பாருங்கள். அங்கே ஓர் எண் இருந்தால் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். இக்னோர் என்று இருந்தால், அவரை இன்னும் பத்து நிமிடம் உட்கார வைத்து மேலே உள்ள ஏழு படிகளையும் செய்யச் சொல்லுங்கள்.